கானாடுகாத்தான் பக்கத்து வீடொன்றில் டிவியோடு இணைத்த நான்கு பெட்டிகளும் ஒரு ஹோம் தியேட்டரும்: நிகழ்வு ஆய்வு

கானாடுகாத்தானை ஒட்டிய ஊர் ஒன்றில், முன்தெருவில் முகப்பும் பின்தெருவில் கொல்லைக் கதவுமாக நீண்டு கிடக்கும் பழைய வீடு அது. எழுபதைக் கடந்த ஆச்சியும் அவருடைய கணவரும் மட்டுமே அங்கே நிரந்தரமாக இருக்கிறார்கள். மகன் குடும்பம் சென்னையிலிருந்து பொங்கலுக்கும் கோயில் காரியங்களுக்கும் பிள்ளைகளோடு வந்து போகிறது. ஹாலில் 55 அங்குல 4கே டிவி ஒன்றும், 2012 வாக்கில் வாங்கிய 5.1 ஏவி ரிசீவர் (பெட்டிகளின் ஒலியைப் பெற்று ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கருவி) ஒன்றும், அதற்குரிய ஐந்து ஸ்பீக்கர்களும், தாழ்வான ஒலிக்கென்று ஒரு சப்வூஃபரும் இருந்தன. டிடிஎச் எச்டி பெட்டி, உள்ளூர் கேபிள் பெட்டி, 4கே ஸ்ட்ரீமிங் ஸ்டிக், ப்ளூ-ரே பிளேயர் ஆகிய நான்கும் அந்த டிவியில் இணைக்கப்பட்டிருந்தன.

புகார்கள் இரண்டு பக்கத்திலிருந்து வந்தன. எந்தப் படம் போட்டாலும் ஒலி ஒரே மாதிரிதான் கேட்கிறது, 5.1 வாங்கியதற்கு அடையாளமே இல்லை என்பது மகனின் குறை. ஆச்சியின் குறை வேறு. "படம் நல்லாத்தான் தெரியுது தம்பி, பேசுறதுதான் ஒண்ணும் வெளங்கல. சத்தத்தைக் கூட்டுனா வீடே அதிருது" என்றார் அவர். இந்த இரண்டு குறைகளுக்கும் வேர் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருந்தது என்பதாலேயே இந்த வீட்டை விரிவாக எழுதத் தோன்றியது.

வீட்டைப் பற்றி முதலிலேயே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செட்டிநாட்டில் இத்தகைய பெரிய வீடுகள் பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல. அறைகள் பங்காகப் பிரிந்திருந்தாலும் முகப்பும் ஹாலும் வளவும் பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவானவை. அங்கே சுவரில் ஒரு துளை போடுவதற்கும் பலரின் சம்மதம் வேண்டும். சம்மதம் கிடைத்தாலும் செய்யக்கூடாது என்பது என் கருத்து. முட்டையின் வெண்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்பைப் பூசிக் கண்ணாடிபோல் மெருகேற்றிய அந்தச் சுவரை ஒருமுறை வெட்டிவிட்டால், பழைய பளபளப்போடு ஒட்டுப்போடக்கூடிய கைகள் இன்று மிக அரிது. ஆகவே சுவரை வெட்டாமல், தேக்கில் ஆணி அடிக்காமல் வேலையை முடிப்பது என்ற வரம்பு தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டது. பின்னால் எடுத்த பல முடிவுகள் இந்த வரம்பிலிருந்து பிறந்தவை.

ரிசீவரின் முகப்பில் எரிந்த எழுத்து

பழைய இணைப்பு இப்படி இருந்தது: நான்கு பெட்டிகளும் நேராக டிவிக்குச் சென்றன, டிவியிலிருந்து, ஒலியை ஒளியாகக் கடத்தும் ஓர் ஆப்டிகல் கேபிள், ஹாலின் எதிர்ப்பக்கத் தேக்கு அலமாரிக்குள் வைத்திருந்த ரிசீவருக்குச் சென்றது. முன்பு இணைத்தவர் ஸ்டிக்கை முதலில் ரிசீவரில்தான் செருகிப் பார்த்திருக்கிறார். திரை கறுத்துப்போகவே எல்லாவற்றையும் டிவிக்கே மாற்றிவிட்டு, ஒலிக்கு மட்டும் ஆப்டிகல் கேபிளை இழுத்திருக்கிறார்.

இத்தகைய நேரங்களில் நான் காதை நம்புவதற்கு முன் ரிசீவரின் முகப்பைப் பார்க்கிறேன். உள்ளே வரும் ஒலி எந்த வடிவத்தில் வருகிறது என்பதை அது எழுத்தில் காட்டிவிடும். டிடிஎச்சில் 5.1 ஒலியோடு ஒளிபரப்பான படத்துக்கும், ஸ்டிக்கில் ஓடிய படத்துக்கும், ப்ளூ-ரே வட்டுக்கும் அங்கே எரிந்தது 'பிசிஎம்' என்ற ஒரே சொல்தான். பிசிஎம் என்பது சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி; ஆப்டிகல் வழியில் அது இரண்டே சேனல். அப்படியானால் ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் வந்தது எப்படி? ரிசீவர் 'ஆல் சேனல் ஸ்டீரியோ' என்ற முறையில் வைக்கப்பட்டிருந்தது. அந்த முறையில் இடது, வலது ஒலிகள் பின் ஸ்பீக்கர்களிலும் அப்படியே ஒலிக்கும்; நடு ஸ்பீக்கரில் இரண்டும் கலந்து வரும். சுற்றிலும் சத்தம் கேட்பதால் வீட்டில் எல்லோரும் இதைத்தான் 5.1 என்று எண்ணியிருந்தார்கள். பேச்சும் பாட்டும் பின்னணி இசையும் ஐந்து திசைகளிலிருந்தும் ஒன்றாகக் கிளம்பி, எதிரொலிக்கும் அந்த ஹாலில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஆச்சிக்குப் பேச்சு விளங்காததற்கு முதல் காரணம் இதுவே. ஹோம் தியேட்டர் வேலை செய்யவில்லை என்பது அது வேலை செய்வதுபோலத் தோன்றிய காரணத்தாலேயே பல வருடங்கள் மறைந்திருந்தது.

ஒலி இரண்டு சேனலாகச் சுருங்கியது டிவிக்குள்ளேதான். எச்டிஎம்ஐ இணைப்பில் ஒரு பெட்டி படத்தையும் ஒலியையும் அனுப்பும் முன், எதிரே இருக்கும் கருவியிடம் 'உன்னால் எதையெல்லாம் ஏற்க முடியும்' என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அந்தப் பதில் ஈடிஐடி என்ற தகவல் தொகுப்பாக வருகிறது. டிவியின் டிஜிட்டல் ஒலி வெளியீடு பிசிஎம் என்று வைக்கப்பட்டிருந்ததால், ஒவ்வொரு பெட்டிக்கும் கிடைத்த பதில் 'ஸ்டீரியோ போதும்' என்பதாகவே இருந்தது. டிடிஎச் பெட்டியின் சொந்த மெனுவிலும் ஒலி ஸ்டீரியோவில் நின்றது. அந்த அமைப்பைக் கையால் மாற்றாத வரையில், 5.1 ஒலியோடு படம் வந்தாலும் பெட்டி அதை வெளியே விடாது.

எது டிவிக்கு, எது ரிசீவருக்கு

எல்லாப் பெட்டிகளையும் ரிசீவரில் செருகி, அங்கிருந்து ஒரே எச்டிஎம்ஐ கேபிளை டிவிக்குக் கொண்டுபோவதுதான் புத்தகம் சொல்லும் முறை. கேபிள் குறையும், ஒலி முழுமையாக ரிசீவரை அடையும். இந்த வீட்டுக்கு அது இரண்டு காரணங்களால் பொருந்தவில்லை.

முதல் காரணம் ரிசீவரின் வயது. அது எச்டிஎம்ஐ 1.4 காலத்துக் கருவி. 4கே படங்களைப் பாதுகாக்கும் எச்டிசிபி 2.2 என்ற பூட்டுமுறை 2013-இல்தான் வெளிவந்தது; அதற்கு முந்தைய ரிசீவருக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது. ஸ்டிக்கை 4கே என்று கட்டாயப்படுத்தி வைத்திருந்ததால் திரை கறுத்தது. தானாகத் தேர்ந்துகொள்ள விட்டிருந்தால் 1080பி அளவுக்கு இறங்கியிருக்கும். கேபிளை மாற்றினால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். இங்கே எவ்வளவு விலை உயர்ந்த கேபிள் போட்டாலும் பயன் இராது.

இரண்டாவது காரணம் ஆச்சியின் அன்றாடம். விடியற்காலையில் பக்திப் பாடலும் மாலையில் செய்தியும் தொடரும் பார்க்கிறவருக்கு டிடிஎச் பெட்டியை ரிசீவர் வழியாகக் கொடுத்தால், ரிசீவரையும் இயக்கி, அதில் சரியான உள்ளீட்டையும் தேர்ந்தெடுத்த பிறகுதான் படமே வரும். ரிசீவர் அணைந்திருக்கும்போதும் படத்தை மட்டும் கடத்தும் வசதி சில கருவிகளில் உண்டு. ஆனால் அதற்காக அது நாள் முழுவதும் அரைத் தூக்கத்தில் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். யார் அதிகம் பார்க்கிறார்களோ அவர்களுடைய பெட்டிக்கும் திரைக்கும் நடுவே தேவையற்ற கருவி எதுவும் நிற்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். விலை உயர்ந்த தியேட்டர் அமைத்துக் கொடுத்துவிட்டு, வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களை ரிமோட்டோடு போராட விடுவது நல்ல வேலையாகாது.

ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே இடம் பார்க்கப்பட்டது. ப்ளூ-ரே பிளேயர் ரிசீவருக்குச் சென்றது. வட்டில் இருக்கும் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ போன்ற இழப்பில்லா ஒலியை ஆப்டிகல் கேபிளும் தாங்காது, டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே திருப்பி அனுப்பும் ஏஆர்சியும் தாங்காது. ரிசீவருக்கு நேரடி எச்டிஎம்ஐ மட்டுமே தாங்கும். படமோ 1080பி என்பதால் பழைய ரிசீவருக்கும் சிரமம் இல்லை. வட்டு போடும் நாளில் எப்படியும் ரிசீவர் ஓடத்தான் போகிறது. ஸ்டிக், டிடிஎச் பெட்டி, கேபிள் பெட்டி மூன்றும் டிவியிலேயே இருந்தன. கேபிள் பெட்டியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி கேபிள் மட்டுமே இருந்ததால் அதற்கு வேறு வழி தேடவில்லை.

டிவியிலிருந்து ஒலி திரும்பி வரும் வழியில்தான் உண்மையான மாற்றம் நடந்தது. ஆப்டிகல் கேபிளை எடுத்துவிட்டு, ரிசீவரின் எச்டிஎம்ஐ வெளியீட்டை டிவியில் 'ஏஆர்சி' என்று குறித்த துளையில் செருகினோம். 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்த இந்த வசதியில், ரிசீவரிலிருந்து படம் டிவிக்குப் போகும் அதே கேபிளில் டிவியின் ஒலி எதிர்த்திசையில் ரிசீவருக்கு வந்துவிடுகிறது. டால்பி டிஜிட்டல் 5.1 ஒலியை அனுப்பும் அளவில் ஆப்டிகலுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஏஆர்சியோடு சிஇசி என்ற கட்டளை வழியும் சேர்ந்து வருவதால், டிவியின் ரிமோட்டிலேயே ரிசீவரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம். இந்த வீட்டில் அது பெரிய விஷயம். டிடிஎச் பெட்டியின் ஆப்டிகல் வெளியீட்டை நேராக ரிசீவருக்குக் கொடுப்பதையும் எண்ணிப் பார்த்தோம். ஒலி நன்றாக வந்திருக்கும், ஆனால் பெட்டி மாறும்போதெல்லாம் ரிசீவரிலும் உள்ளீட்டை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டோம்.

டிவியின் ஒலி வெளியீட்டை 'ஆட்டோ' என்று மாற்றியதும் டிடிஎச் படத்துக்கு ரிசீவரின் முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' எரிந்தது. ஸ்டிக்குக்கு மட்டும் ஒலியே வரவில்லை. ஸ்ட்ரீமிங் செயலிகள் அனுப்பும் டால்பி டிஜிட்டல் ப்ளஸ் ஒலியை, எச்டிஎம்ஐ உள்ளீட்டில் ஏற்றுக்கொள்ளும் பழைய ரிசீவர்கள் சில, ஏஆர்சி வழியாக வந்தால் ஏற்பதில்லை. டிவியின் மெனுவில் 'டால்பி டிஜிட்டல்' என்ற தேர்வு தனியாக இருந்தது; அதை வைத்ததும் டிவியே ஒலியை மாற்றிக் கொடுக்க, எல்லாப் பெட்டிகளுக்கும் ஒலி வந்தது. கேபிள் பெட்டியின் ஒலி பிறவியிலேயே ஸ்டீரியோ. அதை டால்பி புரோ லாஜிக் II முறையில் விரித்துக் கேட்டால், பேச்சு நடு ஸ்பீக்கருக்கு ஒதுங்குகிறது.

ரிசீவரையும் அலமாரியிலிருந்து எடுத்து டிவிக்குக் கீழே வைத்தோம். சாதாரண எச்டிஎம்ஐ கேபிளில் 4கே அளவுச் சிக்னல் ஏறத்தாழ 5 மீட்டருக்கு மேல் நம்பகமாகப் போவதில்லை. ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தூரம் இருக்கிறது. இன்றைய ரிசீவர் 1080பி அளவோடு நின்றாலும், நாளை புதிது வாங்கினால் கேபிள் தடையாக நிற்கும். அலமாரிக்குள் காற்றோட்டமில்லாமல் அது சூடேறிக்கொண்டிருந்ததும் இன்னொரு காரணம்.

சப்வூஃபரின் இரைச்சல்

ஆப்டிகல் கேபிளுக்குப் பதில் எச்டிஎம்ஐ போட்ட பிறகு, வசனமில்லாத இடைவெளிகளில் சப்வூஃபரிலிருந்து 'ம்ம்ம்' என்று தாழ்வாக ஓர் ஓசை வரத் தொடங்கியது. ஒலியைப் பூஜ்யத்துக்குக் குறைத்தாலும் அது குறையவில்லை. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒலிப்பாதைக்குள் புகுந்தால் வரும் ஓசை இது. எல்லாக் கருவிகளையும் மெயினில் அணைத்து, ஒரு கேபிளை எடுத்துவிட்டு மறுபடியும் இயக்கிப் பார்ப்பதுதான் இதைக் கண்டுபிடிக்கும் முறை. கேபிள் பெட்டியின் பின்னால் திருகியிருந்த கோஆக்சியல் கம்பியைக் கழற்றியபோது ஓசை உடனே நின்றது.

தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிளின் வெளிக்கவசம் ஒரு மின்னழுத்தத்தில் இருக்கிறது. வீட்டின் எர்த் வேறொன்றில் இருக்கிறது. இரண்டும் ஏவி கேபிள், டிவி, எச்டிஎம்ஐ, ரிசீவர், சப்வூஃபர் என்ற சங்கிலியில் இணைந்தவுடன், அந்த வித்தியாசம் கேபிள்களின் கவசம் வழியாகச் சிறு மின்னோட்டமாக ஓடுகிறது. எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்ததில் வேறொரு குறையும் தெரிந்தது. டிவிக்குப் பின்னால் இருந்த மூன்று துளை பிளக் பாயிண்டில் எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. பழைய மரக் கேசிங் வயரிங்கில் புதிய பாயிண்டை மாட்டியபோது மேல்மூடி மட்டும் மாறியிருக்கிறது. மீட்டர் பலகையிலிருந்து எர்த் கம்பி கொண்டுவந்து இணைத்து, டிவியும் ரிசீவரும் சப்வூஃபரும் பெட்டிகளும் அந்த ஒரே பாயிண்டிலிருந்து மின்சாரம் எடுக்கும்படி செய்தோம். அந்தப் பக்கத்து மண் கோடையில் காய்ந்து இறுகிவிடுவதால், எர்த் குழியில் தண்ணீர் ஊற்றிவரும்படியும் சொன்னோம். இரைச்சல் வெகுவாகக் குறைந்தது, ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. கேபிள் பெட்டிக்கு வரும் கோஆக்சியலில், கவசத்தின் மின்தொடர்பைத் துண்டித்துச் சிக்னலை மட்டும் கடத்தும் ஐசொலேட்டர் ஒன்றைப் பொருத்திய பிறகே நின்றது.

அதே ஐசொலேட்டரை டிடிஎச் கம்பியிலும் போட்டுவிடலாமே என்று மகன் கேட்டார். அங்கே போடக் கூடாது. மொட்டைமாடி டிஷ்ஷில் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி என்ற கருவி இயங்குவதற்கான 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் பெட்டியிலிருந்து அதே கம்பியில்தான் மேலே போகிறது. நேர்மின்சாரத்தைத் தடுக்கும் ஐசொலேட்டர் நடுவில் வந்தால் எல்லாச் சேனலும் போய்விடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சப்வூஃபர் பிளக்கின் எர்த் பின்னை முறித்துவிட்டால் இரைச்சல் நின்றுவிடும் என்று பலர் சொல்கிறார்கள், செய்தும் கொடுக்கிறார்கள். இரைச்சல் நிற்கும் என்பது உண்மைதான். அதற்குப் பிறகு உள்ளே ஒரு கம்பி அறுந்து உலோகப் பெட்டியைத் தொட்டால், அதைத் துடைக்கப் போகும் ஆச்சியின் கை மட்டுமே எர்த் ஆகும். எந்த வீட்டிலும் இதைச் செய்யக் கூடாது.

ஹாலின் எதிரொலி

இணைப்பு சரியான பிறகும் அந்த ஹால் பேச்சுக்கு உகந்த இடமாகிவிடவில்லை. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, மெருகேறிய சுவர், உயர்ந்த கூரை எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புபவை. ஹால் ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம், அதாவது 360 கன மீட்டர். ஒலியை உறிஞ்சும் பரப்பு மொத்தமாக 20 சதுர மீட்டர் அளவே தேறும் என்று கொண்டால், எதிரொலி நேரத்தைக் கணக்கிடும் சபைனின் சூத்திரப்படி ஓர் ஒலி அடங்க ஏறக்குறைய 2.9 விநாடி ஆகும். வீட்டுத் தியேட்டருக்கு அரை விநாடிக்குள் இருப்பது நல்லது. வாசல்களுக்குக் கனத்த திரை, தரைக்கு ஜமுக்காளம், மெத்தை சோஃபா எல்லாம் சேர்ந்து உறிஞ்சும் பரப்பை 35 சதுர மீட்டராக உயர்த்தினாலும் 1.7 விநாடி அளவுக்குத்தான் இறங்கும். அந்த அழகான சுவரில் பஞ்சுப் பலகை ஒட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வீட்டாரும் கேட்கவில்லை.

ஆகவே எதிரொலியைக் குறைப்பதைவிட, காதுக்கு நேரடி ஒலி கூடுதலாகச் சேரும்படி செய்வதில் கவனம் செலுத்தினோம். இருக்கைகளைச் சுவரோரத்திலிருந்து எடுத்து டிவிக்கு 3 மீட்டர் தூரத்தில் போட்டோம். ஹாலின் கோடியில் மாட்டியிருந்த பின் ஸ்பீக்கர்களை இறக்கி, இருக்கையின் இரு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்தினோம். ஆல் சேனல் ஸ்டீரியோவை விலக்கி, நடு ஸ்பீக்கரின் அளவை 3 டெசிபல் உயர்த்தினோம். ஸ்பீக்கர் கம்பிகள் தூண்களின் மேல் ஓடும் உத்திரத்தின் மேல்பக்கத்தில், கீழிருந்து பார்த்தால் தெரியாதபடி, மின்கம்பிகளைவிட்டு விலகிப் படுத்திருக்கின்றன. ஏறி இறங்குவதையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 9 மீட்டர் வந்தது. 1 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் போக வர 18 மீட்டருக்கு 0.3 ஓம் மின்தடை ஆகும். 6 ஓம் ஸ்பீக்கருக்கு அது அதிகம் என்பதால் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டு 0.13 ஓமுக்கு இறக்கினோம்.

அன்றாடப் பயன்பாடு

ப்ளூ-ரேயில் உதட்டசைவுக்குச் சற்று முன்னால் பேச்சு கேட்டது. ரிசீவர் ஒலியை உடனே கொடுத்துவிட, டிவி படத்தைச் செம்மைப்படுத்தி முடிக்க நேரம் எடுத்துக்கொண்டதே காரணம். ஒலி ஏறத்தாழ 45 மில்லிவிநாடி முந்தினாலே மனிதர்களுக்குத் தெரிந்துவிடும். பிந்தினால் 125 வரை பெரும்பாலும் கவனிக்க மாட்டார்கள். ரிசீவரின் ஒலித் தாமத அமைப்பை, வசனக் காட்சி ஒன்றைப் பார்த்துக்கொண்டே சிறிது சிறிதாகக் கூட்டிச் சரிசெய்தோம்.

சிஇசி டிவியிலும் ரிசீவரிலும் மட்டும் இயக்கத்தில் இருக்கிறது. ஸ்டிக்கில் அதை நிறுத்திவிட்டோம். இல்லையென்றால் அது இடையில் விழித்துக்கொண்டு, ஆச்சி பார்த்துக்கொண்டிருக்கும் சேனலைத் தள்ளிவிட்டுத் தன் திரையைக் காட்டும். ரிசீவருக்கென்று தனிச் சுவிட்ச் ஒதுக்கப்பட்டது. அது அணைந்திருந்தால் ஒலி டிவியின் சொந்த ஸ்பீக்கருக்குத் தானாகத் திரும்பிவிடுகிறது. டிடிஎச் ரிமோட்டுக்கு டிவியின் பவர், ஒலி பொத்தான்களைக் கற்றுக்கொடுத்துவிட்டதால், ஆச்சிக்கு ஒரே ரிமோட் போதும். விடியற்காலையில் அவர் டிவி ஸ்பீக்கரில்தான் பாட்டுக் கேட்கிறார். இரவில் கணவரோடு படம் பார்க்கும்போது ரிசீவர் சுவிட்சைப் போடுகிறார். பேச்சு இப்போது விளங்குகிறது என்கிறார்.

ரிசீவரை மாற்றலாமா என்று மகன் கேட்டிருக்கிறார். எச்டிசிபி 2.3-உம், 2017-இல் எச்டிஎம்ஐ 2.1-உடன் வந்த இஏஆர்சியும் கொண்ட புதிய ரிசீவர் வாங்கினால் ஸ்டிக்கை ரிசீவருக்கே மாற்றிக்கொள்ளலாம். டிவியிலும் இஏஆர்சி இருந்தால் அந்தத் திரும்பு வழியே விநாடிக்கு 37 மெகாபிட் வரை தாங்கும் என்பதால், ப்ளூ-ரேயின் இழப்பில்லா ஒலி வரைக்கும் அதில் வந்துவிடும். டால்பி டிஜிட்டலுக்கு மாற்றும் தேவையும் இராது. டிடிஎச் பெட்டியை மட்டும் அப்போதும் டிவியைவிட்டு நகர்த்த வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.